தனித்துப் பாடிய பிளாண்ட்: 1982ஆம் ஆண்டின் ஓர் இசைத்தட்டும் அதன் வரலாறும்

பலர் ஒரு மேடையில் கூடி இசைக்கும்பொழுது, நம் செவிக்கு எட்டும் இனிமையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துரைத்தல் எளிதன்று. நாகசுரத்தைக் கேட்டு மகிழ்கின்றவர்கள் அதனைத் தாங்கி நிற்கும் தவிலைத் தனியே எண்ணிப் பார்ப்பதில்லை. தவில்காரர் ஒருநாள் வராதபொழுதுதான் அவருடைய அருமை புலனாகின்றது. மேனாட்டு ‘ராக்’ இசையிலும் நிலைமை இதுவே. அங்கே தனி மனிதரைவிடக் குழுவே பெரும்பாலும் பெயர் பெறுகின்றது. அத்தகைய குழுவொன்றில் பல்லாண்டு பாடிப் புகழடைந்த ஒருவர், தம் பெயரை மட்டும் தாங்கிய இசைத்தட்டு ஒன்றை வெளியிடுகின்றார் என்றால், அவர் இரண்டு வினாக்களுக்கு விடை கூறியாகவேண்டும். இதுகாறும் மக்கள் விரும்பியது அவருடைய குரலையா, குழுவின் கூட்டோசையையா? குழுவின் பெயரால் பிறந்த பழம் பாடல்களை இனி அவர் பாடலாமா?

இவ்விரண்டு வினாக்களுக்கும் சொல்லால் அன்றிச் செயலால் விடை தந்தவர், ‘லெட் ஸெப்பெலின்’ என்னும் ஆங்கிலக் குழுவின் பாடகர் இராபர்ட் பிளாண்ட் ஆவார். 1982 ஜூன் மாதம் 28ஆம் நாள் அவருடைய முதல் தனி இசைத்தட்டு வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது 33. பன்னிரண்டு ஆண்டுகள் உலகப் புகழ்பெற்ற ஒரு குழுவில் பாடி முடித்தவர் அவர். அந்தத் தட்டின் வரலாற்றை இங்கு ஆராய்வோம்.

மூவகைப் பிரிவு

குழுவினின்றும் பாடகர் தனித்து வருதல் மூவகைப்படும்.

முதலாவது, குழு உயிரோடிருக்க, அதனை விடாமலேயே தனித் தட்டு ஒன்றையும் வெளியிடுதல். ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவின் மிக் ஜாகர் 1985இல் இவ்வாறு செய்தார். அதனால் அவருக்கும் கித்தார் வாசிப்பவரான கீத் ரிச்சர்ட்ஸுக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்தது. 1982இல் ஐரோப்பியச் சுற்றுலாவை முடித்த அக்குழு, 1989 வரையில் மீண்டும் ஒன்றாக இசைப்பயணம் புறப்படவில்லை.

இரண்டாவது, குழுவை முற்றாக விட்டு வெளியேறுதல். ‘ஜெனிஸிஸ்’ குழுவினின்றும் பீட்டர் கேப்ரியல் 1975இல் விலகி, 1977இல் தம் முதல் தட்டை வெளியிட்டமை இதற்கு எடுத்துக்காட்டு. அவர் விலகிய பின்னர், அக்குழுவில் டிரம் வாசித்துக்கொண்டிருந்த பில் காலின்ஸ் பாடகராகவும் ஆனார். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் மீண்டும் வரும்.

மூன்றாவது, குழுவே மறைந்துபோன பின்னர், வேறு வழியின்றித் தனித்து நிற்றல். முதல் இருவகையினரும் தாமே விரும்பிப் புறப்பட்டவர்கள். மூன்றாம் வகையினர்க்கு அவ்வுரிமையும் இல்லை. பிளாண்ட் இந்த மூன்றாம் வகையினர்.

தோல்வியில் தொடங்கிய தனி முயற்சி

பிளாண்ட் 1948 ஆகஸ்டு 20ஆம் நாள் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள வெஸ்ட் பிராம்விச் என்னும் ஊரில் பிறந்தார். நிலக்கரியும் இரும்பும் நிறைந்து, தொழிற்சாலைப் புகையால் ‘கரிய நாடு’ என்றே பெயர்பெற்ற வட்டாரம் அது. தந்தையார் பொறியியலாளர். மகனைக் கணக்கர் தொழிலில் அமர்த்த வேண்டுமென்பது வீட்டாரின் எண்ணம். மகனுக்கோ அமெரிக்க நீக்ரோ மக்களின் ‘புளூஸ்’ என்னும் சோகப் பாட்டின்மீது தணியாத வேட்கை. சில காலம் கணக்கியல் பயின்றவர், அதனை விட்டுப் பாட்டின்பின் சென்றார்.

இங்கே பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. பிளாண்டின் முதல் தனி முயற்சி 1982இல் நிகழ்ந்ததன்று. 1967இலேயே, பதினெட்டு வயது இளைஞராக இருந்தபொழுதே, சி. பி. எஸ். நிறுவனம் அவர் பெயரில் இரண்டு சிறு தட்டுகளை வெளியிட்டது. அவற்றுள் முதலாவது, இத்தாலிய மெல்லிசைப் பாடல் ஒன்றின் மெட்டுக்கு ஆங்கிலச் சொற்களைப் பொருத்தியதாகும். அவருடைய இயல்புக்கு அஃது ஒவ்வாதது. இரண்டு தட்டுகளும் விலைபோகவில்லை. ஆகவே, துணையின்றிப் பாடினால் என்ன ஆகும் என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார்.

அதன் பின்னர் ‘பேண்ட் ஆஃப் ஜாய்’ என்னும் சிறு குழுவில் பாடினார். அங்கு அவருக்குத் துணையாக டிரம் வாசித்தவர் ஜான் பான்ஹம். இருவரும் ஒரே வட்டாரத்தினர். ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். புகழும் பணமும் வருமுன்னே தோன்றிய நட்பு அது. அந்நட்பின் ஆழம் தெரிந்தால்தான் பின்னர் நிகழ்ந்தவற்றின் பொருள் விளங்கும்.

நால்வர் கூட்டு

1968இல் ஜிம்மி பேஜ் என்னும் கித்தார்க் கலைஞர் புதுக் குழுவொன்றை அமைக்க முயன்றார். பிளாண்ட் பாடகரானார். பான்ஹமையும் அழைத்துக்கொள்ளுமாறு பிளாண்ட் பரிந்துரைத்தார். ஜான் பால் ஜோன்ஸ் நான்காமவராகச் சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் டென்மார்க்கில் முதல் நிகழ்ச்சி நடந்தது. 1969 ஜனவரியில் முதல் இசைத்தட்டு வந்தது. சி. பி. எஸ். நிறுவனத்தோடு முன்னர்ச் செய்துகொண்ட ஒப்பந்தத்தால், அத்தட்டின் பாடல்களை இயற்றியோர் வரிசையில் பிளாண்டின் பெயர் இடம்பெறவில்லை. தோல்வியுற்ற தனி முயற்சி, வெற்றி பெற்ற கூட்டு முயற்சியிலும் தன் நிழலைப் படரவிட்டது எனலாம்.

அதன் பின்னர் வந்த வளர்ச்சி வியப்புக்குரியது. 1971இல் பெயரிடாமல் வெளியிட்ட நான்காம் தட்டு அமெரிக்காவில் மட்டும் இரண்டு கோடிப் படிகளுக்குமேல் விலைபோனதாகச் சான்றளிக்கப்பட்டுள்ளது. 1973 மே 5ஆம் நாள் அமெரிக்காவின் டாம்பா நகர விளையாட்டரங்கில் 56,800 பேர் திரண்டனர். 1965இல் நியூயார்க்கின் ஷே அரங்கில் ‘பீட்டில்ஸ்’ குழு கூட்டிய கூட்டத்தை அது விஞ்சிற்று.

இக்குழுவிற்கும் நம் சிங்கப்பூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது வராமற்போன தொடர்பு. 1972 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா செல்லும் வழியில் அவர்கள் இங்கு ஒரு நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தது. ஆடவர் நீண்ட முடி வளர்ப்பதை அரசாங்கம் கண்டித்து வந்த காலம் அது. அத்தகையோருக்கு அலுவலகங்களில் கடைசியாகத்தான் பணி செய்து தரப்படும் என்று அறிவிப்புச் சுவரொட்டிகள் தொங்கிய நாள்களை நம்முள் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். தோளைத் தாண்டிய முடியுடன் வந்த நால்வருக்கும் நுழைவு மறுக்கப்பட்டது; நிகழ்ச்சி நடைபெறவில்லை. ஆஸ்திரேலியப் பயணம் முடிந்த பின்னர் பிளாண்டும் பேஜும் பம்பாய்க்குச் சென்று, இந்திய இசைவாணர்களோடு தம் பாடல்கள் இரண்டினைப் பதிவு செய்தனர். அப்பதிவுகள் 2015இல்தான் முறையாக வெளிவந்தன. கீழ்த்திசை இசையின்பால் பிளாண்டுக்கு இருந்த நாட்டம் ஒரு நாள் கூத்தன்று என்பதை இது காட்டுகின்றது.

அடுக்கி வந்த இடர்கள்

1975 ஆகஸ்டு 4ஆம் நாள், கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவில் நிகழ்ந்த கார் விபத்தில் பிளாண்டும் அவருடைய மனைவியாரும் படுகாயமுற்றனர். அவ்வாண்டின் இறுதியில் மியூனிக் நகரில் ஒலிப்பதிவு நடந்தபொழுது, அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே பாடினார்.

1977 ஜூலை 26ஆம் நாள் அதனினும் கொடியது நேர்ந்தது. பிளாண்ட் அமெரிக்காவில் இசைப்பயணத்தில் இருந்தபொழுது, ஐந்து வயது மகன் நோயுற்று இங்கிலாந்தில் இறந்தான். எஞ்சிய நிகழ்ச்சிகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. இசையையே விட்டு ஆசிரியத் தொழிலுக்குப் போய்விடலாமா என்று அவர் எண்ணிய காலம் அது. அவரை மீண்டும் குழுவுக்கு அழைத்து வந்ததில் பான்ஹமின் நட்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1979இல் வெளிவந்த தட்டில் மகனை நினைந்து எழுதிய பாடலொன்றும் இடம்பெற்றது.

தன்னை மீட்டுக்கொணர்ந்த அந்த நண்பரையும் அவர் இழக்க நேர்ந்தது. 1980 செப்டம்பர் 25ஆம் நாள், அமெரிக்கப் பயணத்திற்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்த வேளையில், மிகையான குடியினால் பான்ஹம் இறந்தார். வயது 32. வேறொருவரை அமர்த்திக்கொண்டு குழுவைத் தொடர்ந்திருக்கலாம். அவ்வாறு தொடர்ந்த குழுக்கள் பல. ஆனால் எஞ்சிய மூவரும் அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள், நண்பரை இழந்த நிலையில் முன்போல் தொடர இயலாது என்று அறிவித்துக் குழுவைக் கலைத்தனர்.

சிறு மன்றங்களில் மறுபிறப்பு

அடுத்து அவர் செய்ததே நம் கவனத்திற்குரியது. ஐம்பதினாயிரம் பேர் முன்னிலையில் பாடியவர், 1981இல் ‘ஹனிடிரிப்பர்ஸ்’ என்னும் பெயரில் உள்ளூர்க் கலைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, சிறு மன்றங்களிலும் கல்லூரிகளிலும் பழைய அமெரிக்கப் பாட்டுகளைப் பாடத் தொடங்கினார். தாம் இளமையில் விரும்பிய பாட்டுகள் அவை. லெட் ஸெப்பெலின் பாடல்களை அவர் தொடவில்லை. இசை தமக்கு எங்கே தொடங்கியதோ அந்த இடத்திற்கே திரும்பிச் சென்று, அங்கிருந்து மீண்டும் நடந்து வர எண்ணினார் போலும்.

அக்கூட்டத்தில் இருந்த ராபி பிளண்ட் என்னும் கித்தார்க் கலைஞர், அவருடைய புது முயற்சிக்கு உறுதுணையானார். பேஜின் கித்தார் இடிபோல் முழங்குவது. பிளண்டின் கித்தாரோ அடக்கமும் தெளிவும் உடையது. பேஜைப்போல் வாசிக்க வல்ல ஒருவரை அமர்த்திக்கொள்வது பிளாண்டுக்கு அரிய செயலன்று. அவ்வாறு அவர் செய்யாமை நோக்கத்தக்கது.

எட்டுப் பாடல்கள்

தட்டின் பெயர் ‘பிக்சர்ஸ் அட் இலெவன்’. வேல்ஸ் நாட்டு மான்மத் நகரை அடுத்த ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் 1981–82இல் பதிவாயிற்று. தயாரிப்புப் பொறுப்பையும் பிளாண்டே ஏற்றார். குழுவின் தட்டுகளை யெல்லாம் பேஜே தயாரித்தார் என்பதை எண்ணும்பொழுது, இது சிறு மாற்றமன்று.

பாடல்கள் எட்டு. பான்ஹமின் இடத்தில் யார் அமர்வது என்பதே பெரிய வினாவாக இருந்தது. அதற்கு முன்வந்தவர் பில் காலின்ஸ். கேப்ரியல் விலகியதனால் பாடகரானார் என்று மேலே நாம் குறித்தவர் இவரே. 1981இல் தாமும் ஒரு தனித் தட்டை வெளியிட்டு வெற்றி கண்டவர். அவ்வாறிருந்தும் பிறிதொருவரின் தனி முயற்சிக்குப் பின்னணியில் அமர்ந்து டிரம் வாசிக்க இசைந்தார். எட்டில் ஆறு பாடல்களுக்கு அவர் வாசித்தார். ஏனைய இரண்டுக்குக் கோஸி பவல் வாசித்தார். ஒரு நண்பரின் இடத்தை நிரப்ப இருவர் வேண்டியிருந்தனர்.

பாடல்களின் தன்மையைச் சிறிது காண்போம். முதற்பாடல் பழைய குழுவின் வேகத்தை நினைவூட்டுவது. கேட்போரை அஞ்சவேண்டாம் என்று கைபிடித்து அழைத்துச் செல்வது போன்றது. இரண்டாம் பாடலின் பெயர் ‘மூன்லைட் இன் சமோசா’. நம் சிற்றுண்டிக் கடையின் சமோசாவிற்கு மேனாட்டுப் பாட்டில் இவ்வாறு நிலவொளி கிடைத்தது வேடிக்கையே. ஆயினும் பாடலில் வேடிக்கை இல்லை. தாழ்ந்த குரலில், அமைதியாகச் செல்லும் பாட்டு அது. ‘ஸ்லோ டான்ஸர்’ என்னும் நான்காம் பாடல் ஏறத்தாழ எட்டு நிமிடம் நீள்வது. எகிப்து நாட்டின் மாபெரும் பாடகியார் உம் குல்தும் அவர்களின் பாட்டில் பிளாண்ட் நெடுங்காலமாக ஈடுபாடு கொண்டிருந்தவர். சொல்லை நீட்டி வளைத்துச் செல்லும் அராபியச் சாயல் இப்பாடலில் தெளிவாகக் கேட்கின்றது.

குறையும் சொல்லவேண்டும். எட்டும் ஒரே தரத்தன அல்ல. சில இடங்களில் பழைய குழுவின் நடை தானாகவே எட்டிப் பார்க்கின்றது. பன்னிரண்டாண்டுப் பழக்கம் ஒரு கோடையில் மறைந்துவிடுமா? எனினும் குரலில் ஒரு மாறுதல் உண்டு. முன்னர் உச்சத்தில் வீரிட்டு ஒலித்த குரல், இங்கே தாழ்ந்து நின்று சொல்லுக்கு இடம் கொடுக்கின்றது.

தட்டு பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் 2ஆம் இடத்தையும், அமெரிக்காவில் 5ஆம் இடத்தையும் எய்தியது. வெளியிட்டது ‘ஸ்வான் சாங்’ நிறுவனம். அது 1974இல் லெட் ஸெப்பெலின் குழுவே தொடங்கிய நிறுவனம். சாகும் அன்னம் பாடும் இறுதிப் பாட்டு என்பது அப்பெயரின் பொருள். அதே நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில், லெட் ஸெப்பெலின் குழுவின் எஞ்சிய பதிவுகளைத் தொகுத்து ‘கோடா’ என்னும் தட்டை வெளியிட்டது. ஒரே ஆண்டில், ஒரே நிறுவனத்தில், ஒரு தட்டு கணக்கு முடித்தது. மற்றொன்று கணக்குத் தொடங்கியது. மறு ஆண்டு அந்நிறுவனமும் மூடப்பட்டது. பிளாண்ட் தமக்கெனப் புதிய பெயரில் ஒன்றை நிறுவினார்.

பாடாமல் விட்ட பாடல்கள்

முதல் தட்டு வெளிவந்த பின்னரும் பிளாண்ட் உடனே சுற்றுப்பயணம் புறப்படவில்லை. எட்டே பாடல்களை வைத்துக்கொண்டு ஒரு முழு நிகழ்ச்சியை நடத்த இயலாது. நடத்துவதானால் பழம் பாடல்களைப் பாட வேண்டிவரும். ஆகவே 1983இல் இரண்டாம் தட்டும் வெளிவரும்வரை காத்திருந்தார். பின்னர் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபொழுது, காலின்ஸே உடன் சென்று டிரம் வாசித்தார். திரண்டு வந்தவர்களுள் பெரும்பாலோர் எதிர்பார்த்தவை பழம் பாடல்களே என்பதில் ஐயமில்லை. அவற்றுள் ஒன்றையும் அவர் பாடவில்லை.

இதனைச் செருக்கு என்று சிலர் கருதலாம். பணம் கொடுத்து வந்தவர்களுக்கு விருப்பமானதைத் தராமை முறையா என்றும் கேட்கலாம். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். அப்பாடல்களைப் பிளாண்ட் அன்று மேடையில் பாடியிருந்தால், பான்ஹமின் வாசிப்பை வேறொருவர் நடித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். புதுப் பாடல்களோ, பழம் பாடல்களுக்கு இடையே ஓய்வு நேரமாக ஆகியிருக்கும். தனித் தட்டு என்பது பெயரளவில் நின்றிருக்கும். பாடாமல் விட்டமையாலேயே அவருடைய தட்டு தனித் தட்டாயிற்று என்பது நம் துணிபு.

இத்துணிபுக்கு 1985 ஜூலை 13ஆம் நாள் ஒரு சான்று தந்தது. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்திற்காக நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில், பிலடெல்பியா நகரில் எஞ்சிய மூவரும் ஒன்றாக மேடையேறினர். டிரம் வாசிக்க இருவர் அமர்ந்தனர்; அவர்களுள் ஒருவர் காலின்ஸ். ஒத்திகை போதாமையால் நிகழ்ச்சி சிறக்கவில்லை. 2004இல் அந்நிகழ்ச்சியின் ஒளிப்பதிவுத் தொகுப்பு வெளிவந்தபொழுது, தம் பகுதியைச் சேர்க்க மூவரும் இசையவில்லை.

பழம் பாடல்களோடு பிளாண்ட் உடன்பாடு செய்துகொண்டது 1988இல். அவ்வாண்டு வெளிவந்த ‘நவ் அண்ட் ஸென்’ என்னும் தட்டில் பேஜ் விருந்தினராக இரண்டு பாடல்களுக்குக் கித்தார் வாசித்தார். ஒரு பாடலில் லெட் ஸெப்பெலின் பதிவுகளின் துணுக்குகளையே பிளாண்ட் எடுத்துக் கோத்தார். மேடையிலும் பழம் பாடல்கள் சில இடம்பெறலாயின. சொந்தமாக ஒரு வீட்டைக் கட்டி முடித்த பின்னரே பிறந்த வீட்டிற்கு விருந்தாளியாகச் சென்றார்.

பின்விளைவு

1994இல் பிளாண்டும் பேஜும் மீண்டும் இணைந்து, மொராக்கோ நாட்டிலும் வேல்ஸிலும் லண்டனிலும் பதிவு செய்து ‘நோ குவார்ட்டர்’ என்னும் தட்டை வெளியிட்டனர். எகிப்திய வாத்தியக்காரர்கள் உடன் வாசிக்க, பழம் பாடல்கள் புது உருவம் பெற்றன. 1972இல் பம்பாயில் விதைத்தது இங்கே விளைந்தது எனலாம்.

2007 டிசம்பர் 10ஆம் நாள் லண்டனில், காலஞ்சென்ற அட்லாண்டிக் நிறுவனத் தலைவர் அஹ்மத் எர்ட்டகனின் நினைவாக, லெட் ஸெப்பெலின் குழுவினர் ஒரே ஓர் இரவு கூடினர். பான்ஹமின் மகன் ஜேசன் தந்தையின் இடத்தில் அமர்ந்தார். நுழைவுச்சீட்டுக் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 2 கோடி என்று கணக்கிடப்பட்டது. உலகச் சுற்றுப்பயணம் ஒன்று நடத்தியிருந்தால் வருவாய்க்குக் குறைவிருந்திராது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், அக்டோபரில், ஆலிஸன் கிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகியாருடன் பிளாண்ட் பாடிய தட்டு வெளிவந்திருந்தது. 2008இல் அவர் கிராஸுடனேயே பயணம் புறப்பட்டார். பெருங்குழுவின் பயணத்திற்கு இசையவில்லை. 2009 பிப்ரவரியில் அத்தட்டுக்கு, ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்பது உட்பட ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. அப்பொழுது பிளாண்டுக்கு வயது 60.

இவ்வரலாற்றை முழுமையாக நோக்குவோமானால், தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு விடை கிடைக்கின்றது. பழம் பாடல்கள் நால்வருக்கும் பொதுச் சொத்து. நால்வருள் ஒருவர் மறைந்த பின்னர் அவற்றைத் தனியுடைமையாக்கிக்கொண்டு வாழ, பிளாண்டின் மனம் இடந்தரவில்லை. குரல் அவருக்கே உரியது. அதனை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஆனால் குரல் மட்டும் போதாது என்பதை 1967இன் தோல்வி அவருக்குக் கற்பித்திருந்தது. ஆகவே பிளண்டையும், காலின்ஸையும், பின்னர்க் கிராஸையும் அவர் தேடிச் சென்றார். தனித் தட்டு என்று நாம் வழங்கும் தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தால், வாசித்தோர் பெயர்கள் வரிசையாக நிற்கக் காணலாம்.

நம்மிடையேயும் நாடகக் குழுவிலும் இசைக்குழுவிலும் நெடுங்காலம் பணியாற்றிப் பின்னர்த் தனித்து நிற்க நேரும் கலைஞர்கள் உண்டு. பழம் பெயரின் செல்வாக்கில் எஞ்சிய நாளைக் கழித்துவிடலாம் என்னும் எண்ணம் அவர்களுக்கு எழுவது இயல்பு. அவ்வேளையில், ஐம்பதினாயிரம் பேரின் கைதட்டலைக் கேட்ட ஒருவர், 1981இல் ஒரு சிறு மன்றத்தில் அறிமுகமற்ற பெயரோடு மேடையேறிய காட்சியை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.